ஜப்பானைப் பற்றிய புத்தகத்தில் ஒளிந்திருக்கும் மூன்றாவது ஊர்: வாசிக்கும் முறை

ஜப்பானியச் சமூகத்தைப் பற்றிய நூல் ஒன்றைக் கையில் எடுத்தால், அதில் இரண்டு இடங்கள்தான் சம்பந்தப்பட்டிருப்பதுபோலத் தெரியும்: ஜப்பான், வாசிப்பவரின் ஊர். ஆனால் மூன்றாவது ஒன்றும் இருக்கும். நூலாசிரியர் ஜப்பானை எந்த நாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாரோ, அந்த நாடு. பல இடங்களில் அதன் பெயர்கூட வராது. "ஜப்பானியர் நேரே மறுப்புச் சொல்லமாட்டார்கள்" என்று எழுதினால், நேரே மறுப்புச் சொல்லும் யாரோ அவர் மனதில் இருக்கிறார்கள். உலகம் முழுக்க விற்ற நூல்களில் அந்த யாரோ பெரும்பாலும் அமெரிக்கர்.

யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடாதவருக்கு ஒரு பக்கம் ஒருமாதிரிப் புரியும். ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவருக்கு அதே பக்கம் வேறுமாதிரி. ஒசாக்காவில் வேலை முடிந்து அறைக்கு வந்து வாசிப்பவருக்கு இன்னொருமாதிரி. மூவருமே பாதியைத்தான் பிடிக்கிறார்கள். மீதிப் பாதியையும் பிடிக்க ஒரு சி.ஆர். கொப்பி, நீலமும் சிவப்புமாக இரண்டு பேனை, பொறுமை ஆகியவை போதும். 250 பக்க நூலுக்கு ஐந்தாறு வாரம் ஒதுக்குங்கள். ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறவர்கள், பிள்ளையை அங்கே அனுப்ப யோசிக்கும் பெற்றோர், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நூலகப் பக்கம் எட்டிப் பார்க்கும் வெளிநாட்டுக்காரர் எல்லோருக்கும் முறை ஒன்றுதான். நிரப்பும் பகுதிதான் மாறும்.

திறப்பதற்கு முன்

முதல் அதிகாரத்துக்குப் போகாதீர்கள். முதலில் பதிப்பு விபரப் பக்கம். மூல மொழி எது, முதற்பதிப்பு எந்த ஆண்டு, கையில் இருப்பது எந்த ஆண்டு என்று மூன்றையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அட்டையில் இருக்கும் ஆண்டை நம்பி ஏமாறுவது சாதாரணம். புது அட்டை போட்ட 1970ஆம் ஆண்டு நூலை "இன்றைய ஜப்பான்" என்று வாசித்து முடித்தவர்கள் நிறைய.

அடுத்தது முன்னுரையும் நன்றியுரையும். ஆசிரியர் ஜப்பானில் இருந்தாரா, எவ்வளவு காலம், எந்த மொழியில் பேசினார், யாருக்காக எழுதினார் என்பவை அங்கேதான் கசியும். இது எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சில நூல்கள்.

அமெரிக்க மானிடவியலாளர் ரூத் பெனடிக்ட் எழுதிய "செவ்வந்தியும் வாளும்" 1946 இல் வெளிவந்தது. ஜப்பானியரை விளக்கும் நூல்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அதுதான். பெனடிக்ட் ஜப்பானுக்குப் போனதே இல்லை. 1944 இல் அமெரிக்கப் போர்த் தகவல் அலுவலகம் கேட்டுத் தொடங்கிய ஆய்வு அது. அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியரிடம் கேட்டும், படங்கள் பார்த்தும், மொழிபெயர்ப்புகளை வாசித்தும் எழுதினார். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவழியினரில் ஏறத்தாழ 120,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஆகவே அந்நூலின் அடியில் இருப்பது ஊரைவிட்டுப் போய்ப் பல வருஷமான, போரில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே சிக்கிய மனிதர்களின் ஞாபகம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள தமிழ் முதியவர்களிடம் மட்டும் கேட்டு யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒருவர் நூல் எழுதினால் எது சரியாக வரும், எது உறைந்துபோய் வரும் என்று எங்கள் வாசகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஒரு விடயத்தில் அமெரிக்க வாசகரைவிட எங்களுக்கு அனுகூலம் உண்டு.

ஜப்பானியரான நித்தொபே இனசோ சாமுராய் அறத்தைப் பற்றி எழுதிய "புஷிதோ" 1900 இல் அமெரிக்காவில், ஆங்கிலத்தில் வந்தது. பள்ளியில் சமயக் கல்வி இல்லாமல் ஒழுக்கத்தை எப்படிக் கற்பிக்கிறீர்கள் என்று பெல்ஜிய அறிஞர் ஒருவர் கேட்ட கேள்வியும், அமெரிக்கரான தன் மனைவி கேட்ட கேள்விகளும்தான் எழுதத் தூண்டின என்று முன்னுரையிலேயே சொல்கிறார். வெளிநாட்டில் வாழும் ஒருவர், வெளிநாட்டவரின் கேள்விக்கு, அவர்களது மொழியில், தன் ஊரைத் தாழ்வாக நினைத்துவிடக் கூடாது என்ற கவலையோடு கொடுத்த பதில். சனத்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சாமுராய் வகுப்பின் அறம் முழு நாட்டின் ஆன்மாவாக உயர்ந்தது இப்படித்தான். கனடாவில் வேலைத்தலத்தில் "உங்கட சமயம் என்ன சொல்லுது?" என்று கேட்கப்பட்ட எவருக்கும் அந்தத் தொனி பரிச்சயம். கேட்பவருக்குப் பிடித்த வடிவில் நாம் கொடுக்கும் விளக்கம் பொய்யாக இருக்காது. ஆனால் அயலவருக்கு நாம் அப்படிச் சொல்லமாட்டோம்.

இன்னொரு வகை ஆசிரியர், தான் சொல்லும் இடத்தில் இல்லாதவர். 1970 இல் "ஜப்பானியரும் யூதர்களும்" என்ற நூல் இசாயா பென்தசான் என்ற யூதரின் பெயரில் ஜப்பானில் வந்து பெருமளவில் விற்றது. எழுதியவர் அதன் பதிப்பாளரான யமமொத்தோ ஷிச்சிஹேய் என்ற ஜப்பானியர் என்பது பிறகு தெரியவந்தது. தன் சமூகத்தைப் பற்றிச் சொல்ல ஒரு வெளிநாட்டுக் கண்ணைக் கற்பனை செய்துகொண்டார். ஆசிரியர் விபரத்தைத் தேடிப் பார்க்கும் ஐந்து நிமிடத்தை ஏன் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

கடைசியாகப் பொருளடைவு. ஒக்கினாவா (தெற்குத் தீவுகள்), ஐனு (வடக்கின் பூர்வகுடிகள்), கொரியர், புராக்கு (தொழிலால் ஒதுக்கப்பட்ட மக்கள்), பகுதிநேர வேலை என்ற ஐந்து சொற்களையும் தேடுங்கள். ஒன்றுமே இல்லையென்றால், அந்த நூலின் "ஜப்பானியர்" பெரிய கம்பனியில் நிரந்தர வேலை பார்க்கும் நகரத்து ஆண். அப்படியான நூலை வாசிக்கலாம், ஆனால் கொப்பியின் முதல் பக்கத்தில் அதை எழுதிவிட்டு வாசியுங்கள்.

கொப்பியைக் கோடிடுதல்

எதிரெதிரான இரண்டு பக்கங்களை ஒரே தாளாக எடுத்து, மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்திகளாகப் பிரியுங்கள். முதலாவதில் நூல் சொல்வது, பக்க எண்ணோடு. இரண்டாவதில் ஆசிரியர் எதனோடு ஒப்பிடுகிறார். மூன்றாவதில் யாழ்ப்பாணம். நான்காவதில் நீங்கள் வாழ்ந்த மற்ற நாடு. வெளிநாடு போகாதவர் நான்காவதை வெறுமையாக விட வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர் ஒருவரிடம் கேட்டு நிரப்பலாம், அவரின் நாட்டையும் அவர் போன ஆண்டையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு.

முதல் பத்தியில் எல்லோரும் விடும் பிழை பண்புப்பெயர்களை எழுதுவது. "ஒழுக்கமானவர்கள்", "கூட்டு மனப்பான்மை", "மரியாதை" என்று எழுதினால் மூன்றாவது பத்தியில் எதையும் எழுதலாம், எதுவும் பொருந்தும். யார், எங்கே, யாருக்கு, என்ன செய்தார் என்று காட்சியாக எழுதுங்கள். நூலில் காட்சி இல்லாமல் பண்பு மட்டுமே இருந்தால் அந்த வரிக்கு எதிரே ஒரு வட்டம் போடுங்கள். ஓர் அதிகாரத்தில் வட்டங்கள் பாதிக்கு மேல் வந்தால் அந்த அதிகாரத்தைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. அதிகாரத்துக்குப் பன்னிரண்டு குறிப்புக்கு மேல் எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் குறித்தால் ஒப்பிட நேரம் வராது, மூன்றாம் அதிகாரத்தோடு கொப்பி அலுமாரிக்குப் போய்விடும்.

இரண்டாவது பத்திக்கு விடை நூலில் வெளிப்படையாக இல்லாவிட்டால் ஒரு சோதனை செய்யலாம். வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். "ஜப்பானியர் குழுவுக்குள் அடங்கி நடப்பவர்" என்றால், அடங்காமல் தனியே நடப்பவர் யார்? மனதில் முதலில் எழும் நாடுதான் பெரும்பாலும் ஆசிரியரின் ஒப்பீட்டு நாடு.

ஒரு காட்சி நான்கு பத்தியிலும்

மனநல மருத்துவர் டொய் தகெயோ 1971 இல் ஜப்பானிய மொழியில் எழுதிய, 1973 இல் ஆங்கிலத்துக்கு வந்த நூலை எடுப்போம். மற்றவரின் அன்பில் சாய்ந்துகொள்ளும் ஆசைதான் ஜப்பானிய மனதின் திறவுகோல் என்பது அவரது வாதம். அது தொடங்கும் இடமே வெளிநாட்டு அனுபவம். 1950 இல் அமெரிக்கா போன புதிதில் ஒரு வீட்டுக்குப் போகிறார். பசிக்கிறதா, ஐஸ்கிறீம் இருக்கிறது என்று வீட்டுக்காரர் கேட்கிறார். உண்மையில் பசி. ஆனால் முதல் தடவை போன வீட்டில் ஓம் என்று சொல்லலாமா? இல்லை என்கிறார், இன்னொருமுறை வற்புறுத்துவார்கள் என்ற எதிர்பார்ப்போடு. வீட்டுக்காரர் சரி என்று விட்டுவிடுகிறார்.

முதல் பத்தியில் இந்தக் காட்சி. இரண்டாவதில் அமெரிக்கா, 1950. மூன்றாவதில் எதை எழுதுவது? "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" "ஐயோ வேண்டாம் அக்கா, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்." அக்கா அதற்குள் குசினிக்குள் போயிருப்பார். வேண்டாம் என்றதை அப்படியே எடுத்துக்கொண்டு தேத்தண்ணி தராமல் அனுப்பினால் அது பல காலத்துக்கு நிற்கும் கதை. நான்காவது பத்தியில் ரொறன்ரோவில் பிறந்த மருமகன்: வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மூன்றாம் தரம் கேட்டால் எரிச்சல்.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெளிநாட்டு வாழ்க்கை வாசிப்பை எங்கே வளைக்கிறது என்று தெரியும். ஊரிலேயே இருப்பவர் "இதில எழுத என்ன இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். வெளிநாட்டில் முதல் பனிக்காலத்தை யாரோ ஒருவரின் வீட்டு அறையில் கழித்தவர் டொய்யின் பசியைத் தன் பசியாக வாசித்து, அவர் சொல்வது முழுக்கச் சரி என்று முடிவு கட்டுவார். முதலாமவர் தவறவிடுவது ஒன்று: தனக்கு இயல்பானது இன்னொரு நாட்டில் விளக்கம் தேவைப்படும் விடயமாக இருக்கிறது. இரண்டாமவர் தவறவிடுவது பெரிது. டொய்யின் காட்சி அமெரிக்காவோடு உள்ள வித்தியாசத்தைத்தான் நிறுவுகிறது. ஜப்பானுக்கே உரியது என்பதை நிறுவ யாழ்ப்பாணத்தையும் கொரியாவையும் அராலி ஆச்சியையும் தாண்ட வேண்டும். அந்தக் காட்சி தாண்டவில்லை. அதனால் நூலைத் தூக்கி எறியத் தேவையில்லை. நோயாளிகளைப் பற்றியும் தாய்-பிள்ளை உறவைப் பற்றியும் அவர் சொல்பவற்றைத் தனித்தனி வரியாக எழுதி, அவற்றையும் இதே நான்கு பத்தியில் போட்டுப் பாருங்கள். சில தாண்டும்.

எதிர்ப்பக்கமாக வேலை செய்யும் நூல்

நகனே சியே வேறு ரகம். இவர் மானிடவியலாளர். ஜப்பானைப் பற்றி எழுத முன் 1950களில் இந்தியாவில் களஆய்வு செய்தவர், லண்டனில் படித்தவர், பிறகு டோக்கியோ பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர். அவருடைய நூல் 1967 இல் ஜப்பானிய மொழியிலும் 1970 இல் ஆங்கிலத்திலும் வந்தது. அதனால் இரண்டாவது பத்தியில் அமெரிக்காவுக்குப் பதில் பல தடவை இந்தியா வரும். எங்கள் வாசகருக்கு அதிகம் பிரயோசனமான நூல் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அவர் சொல்வதன் சாரம்: ஜப்பானில் ஒருவரை இன்னார் என்று நிறுத்துவது அவர் நிற்கும் இடம், அதாவது வீடு, கம்பனி, கிராமம். இந்தியாவில் நிறுத்துவது அவர் கொண்டுவரும் தகுதி, குறிப்பாகச் சாதியும் உறவுமுறையும். ஆகவே ஜப்பானிய வீட்டில், வேறு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த மகளைவிட வந்த மருமகளுக்கு இடம் பெரிது. வாரிசு இல்லாவிட்டால் மருமகனையோ இரத்த உறவே இல்லாதவரையோ மகனாக எடுத்து வீட்டுப் பெயரைத் தொடர்வார்கள்.

இங்கே மூன்றாவது பத்தி நேரெதிராக நிரம்பும். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் ஆக்கியபோதே சீதனச் சொத்து மகள் வழி போவது அதில் இருந்தது. சீதன வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து இருப்பது இன்றும் வழமை. தங்கச்சியின் கலியாணத்துக்காக அண்ணன் பாரிசில் இரண்டு வேலை செய்வது, வீடு பிரிந்தாலும் நாடு பிரிந்தாலும் உறவுக்கடமை பிரியாது என்பதால்தான். நகனேயின் ஜப்பானில் அண்ணன் தனி வீடானால் அந்தக் கடமை அவ்வளவு தூரம் நீளாது. டொய்யை வாசித்து "எங்களைப்போலத்தான்" என்று தோன்றிய வாசகர், நகனேயை அடுத்து எடுத்தால் அந்த ஒற்றுமை எவ்வளவு மேலோட்டமானது என்று காண்பார். வரிசையை மாற்றாதீர்கள். முதலில் டொய், பிறகு நகனே.

குறைகளும் உண்டு. அவர் வர்ணிக்கும் கம்பனி பெரிய கம்பனி. ஜப்பானில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் சிறிய, நடுத்தர நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து போகும் பிள்ளை சேரப்போவதும் பெரும்பாலும் அப்படியான இடத்திலோ முதியோர் இல்லத்திலோதான். நூலில் படித்த ஆயுட்கால வேலையை அங்கே தேடி ஏமாற வேண்டாம். மற்றது, சாதி இந்தியாவுக்கு உரியது என்று பிரித்து வைத்துவிட்டால் ஜப்பானுக்குள் இருப்பது மறையும். தோல், இறைச்சி, பிணச் சடங்குத் தொழில்களோடு ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களுக்கு 1871 இல் சட்டப்படி விடுதலை அறிவிக்கப்பட்டது. 1922 இல் அவர்கள் சமத்துவத்துக்கான சொந்த இயக்கம் கட்டினார்கள். கலியாணப் பேச்சில் பூர்வீகத்தைத் துப்பறியும் வேலை அதற்குப் பிறகும் நடந்தது. வெளிநாட்டில் "நாங்கள் எல்லாரும் தமிழர்" என்று பழகிப்போன வாசகர், ஜப்பான் ஒரே சீரான சமூகம் என்ற வரியைத் தடுக்காமல் கடந்துவிடுவார். ஊரில் கோயில் தேரின் வடத்தை யார் தொடலாம் என்ற பிரச்சினையை அறிந்தவர் அந்த வரியில் நிற்பார். நில்லுங்கள்.

குடும்பப் பெயர் பற்றிய அதிகாரங்களில் நிலைமை தலைகீழ். ஜப்பானியக் குடியியல் சட்டத்தின் 750ஆம் பிரிவின்படி, மணம் முடிக்கும் இருவரும் ஒரே குடும்பப் பெயரை எடுக்க வேண்டும். 95 சதவீதமளவில் கணவனின் பெயர்தான் எடுக்கப்படுகிறது. உயர் நீதிமன்றம் 2015 இலும் 2021 இலும் இந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணல்ல என்றது. தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைத்துப் பழகிய ஊர் வாசகருக்கு இதில் என்ன சண்டை என்று புரியாது. கனடாக் கடவுச்சீட்டில் தகப்பனின் பெயர் தன் குடும்பப் பெயராகி, பிறகு மனைவிக்கும் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டதைக் கண்டவருக்கு உடனே புரியும். இப்படியான அதிகாரங்களில் நான்காவது பத்தியை முதலில் நிரப்புங்கள்.

யாழ்ப்பாணத்துக்கும் ஆண்டு போடுங்கள்

ஜப்பான் நூலுக்கு ஆண்டு முக்கியம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். 1979 இல் அமெரிக்கச் சமூகவியலாளர் எஸ்ரா வோகல் ஜப்பானை முதலிடத்தில் வைத்து அமெரிக்கர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். 1990களின் தொடக்கத்தில் சொத்து விலைக் குமிழி உடைந்த பிறகு, அதுவரை புகழப்பட்ட அதே சேவைமூப்புப்படி உயர்த்தும் முறையும் ஆயுட்கால வேலையும் தேக்கத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்டன. குணம் மாறவில்லை, மதிப்பெண் மாறியது. ஆகவே எந்தக் குணத்தைப் பற்றியும் 1990க்கு முந்திய நூல் ஒன்று, பிந்திய நூல் ஒன்று என்று பார்ப்பது நல்லது. சனத்தொகை 2008 அளவில் உச்சத்தைத் தொட்டுக் குறையத் தொடங்கிவிட்டது. அதற்கு முந்திய நூல்களில் வெளிநாட்டுத் தொழிலாளி ஓரத்தில்தான் நிற்பார்.

கவனிக்காமல் விடுவது மூன்றாவது பத்தியின் ஆண்டை. 1986 இல் போனவர் எழுதும் யாழ்ப்பாணம் 1986 இல் நின்றுவிட்ட யாழ்ப்பாணம். அயல் வீட்டுக்குப் போய்வர வேலியில் பொட்டு (சிறு திறப்பு) இருந்தது, செத்த வீட்டுக்கு ஊரே சமைத்தது, வாத்தியாரைக் கண்டால் சைக்கிளால் இறங்கியது என்று நிரப்பி, ஜப்பானியக் கிராமம் பற்றிய அதிகாரத்தோடு ஒப்பிட்டு, "அவங்கள் காப்பாத்திப்போட்டாங்கள், நாங்கள்தான் விட்டுட்டம்" என்ற முடிவுக்கு வருவார். அந்த அதிகாரமும் 1935ஆம் ஆண்டுக் கிராமமாக இருக்கலாம். இரண்டு உறைந்த ஊர்களை ஒப்பிட்டு இன்றைய இரண்டு சமூகங்களுக்குத் தீர்ப்பு வழங்குவது இந்தத் துறையில் எங்களவர் விடும் பிழைகளில் மிகப் பெரியது. பத்தியின் தலையில் "யாழ்ப்பாணம், 1986 வரை" என்று எழுதினால் பாதிப் பிழை அங்கேயே நிற்கும்.

ஜப்பானில் இருந்துகொண்டு வாசிப்பவர்களுக்கு

உங்களுக்கு இரண்டு குறுக்குக் கோடு கூடத் தேவை. நான்காவது பத்தியை "எனக்கு நடந்தது", "அவர்களுக்குள் நடந்ததை நான் கண்டது" என்று பிரியுங்கள். வெளிநாட்டவரோடு ஜப்பானியர் நடந்துகொள்ளும் விதம் ஒன்று, தங்களுக்குள் நடந்துகொள்வது வேறு. நூல்கள் பேசுவது பெரும்பாலும் இரண்டாவதை. மூன்று வருஷம் இருந்தவரும் தன் வேலைத்தலத்தில் தன்னிடம் காட்டிய பொறுமையையோ விறைப்பையோ வைத்து நூலை மறுப்பது இதனால்தான் நடக்கிறது.

அடுத்த கோடு: சட்டம், நிறுவன விதி, வழமை. மாணவர் விசாவில் கிழமைக்கு 28 மணித்தியாலம்தான் வேலை என்பது குடிவரவுச் சட்டம், அதில் கலாசாரம் ஒன்றுமில்லை. ரயிலில் தொலைபேசியில் பேசாதீர்கள் என்பது ரயில் கம்பனிகள் அறிவித்துப் பழக்கியது. குப்பையை எந்த நாளில் எந்தப் பையில் போடுவது என்பது நகரசபை ஒழுங்கு, தப்பினால் அயலவர் கண்டிப்பது வழமை. இந்த மூன்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டு "ஜப்பானிய மனநிலை" என்று பெயர் வைக்கும் நூல்கள் இருக்கின்றன. அங்கே வாழ்பவர்தான் அதைப் பிரித்துக் காட்டலாம்.

போக முன் நீலப் பேனையால் நிரப்புங்கள். போய்ப் பன்னிரண்டு மாதம் கழித்து அதே நூலை எடுத்துச் சிவப்பால் திருத்துங்கள், நீலத்தை வெட்டாமல். முதல் மூன்று நான்கு மாதத்தில் பெரிய தத்துவ நூல்கள் வேண்டாம். அந்தக் காலத்தில் ஒன்றில் எல்லாம் அற்புதமாகத் தெரியும், அல்லது எல்லாம் வெறுக்கும். இரண்டுக்கும் ஆதாரம் கொடுக்கும் வரி எந்த நூலிலும் கிடைக்கும். அப்போது கதைகளும் நாவல்களும் வாசிக்கலாம்.

சோடியாக எடுத்தல்

தனி நூலை நம்பாமல் சோடி சேருங்கள். இதற்கு மிகத் திறமான சோடி ஒரே கிராமத்தைப் பற்றியது. கியூஷு தீவின் குமமொத்தோ மாவட்டத்தில் சுயே என்ற கிராமத்தில் அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் எம்ப்ரீ 1935-36 இல் ஆய்வு செய்து 1939 இல் நூல் வெளியிட்டார். கூட்டு வேலை, கைமாற்று, சீட்டு, சடங்கு என்று ஒழுங்கான கிராமம் அதில் தெரியும். கூடப் போன அவரது மனைவி, எல்லா (Ella) என்பவர், ஜப்பானில் வளர்ந்தவர், மொழி தெரிந்தவர். அவருடைய குறிப்புகள் 1982 இல் அக்கிராமப் பெண்களைப் பற்றிய தனி நூலாக வந்தன. அதில் பெண்கள் குடிக்கிறார்கள், பச்சையாகப் பகிடி விடுகிறார்கள், கணவனை விட்டுப்போய் வேறு கலியாணம் செய்கிறார்கள். ஒரே வீடு, ஒரே வருஷம். எங்கே வாழ்ந்தார் என்பதோடு யாரோடு எந்த மொழியில் கதைத்தார் என்பதையும் முதல் பக்கத்தில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

முழு நாட்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லும் நூலுக்குச் சோடியாக, ஆஸ்திரேலியாவில் பேராசிரியராக இருந்த சுகிமொத்தோ யொஷியோ 1997 இல் எழுதிய அறிமுக நூலை வைக்கலாம். வகுப்பு, பால், பிரதேசம், சிறுபான்மை என்று பிரித்துக் காட்டுவார். தமிழில் தி. ஜானகிராமனின் ஜப்பான் பயண நூல் "உதயசூரியன்" இருக்கிறது. ஒப்பீட்டு ஊர் தமிழ்நாடாக இருக்கும் அருமையான வாசிப்பு, ஆனால் அதைச் சமூகவியலாக எடுக்கக் கூடாது.

யாழ்ப்பாண வாசகருக்கென்றே ஒரு பொறி உண்டு. மொழியியலாளர் சுசுமு ஓனோ, ஜப்பானிய மொழியின் வேரைத் தமிழில் தேடினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். தைப்பொங்கலையும் ஜனவரி 15ஆம் திகதியை ஒட்டிய ஜப்பானியச் சிறு புத்தாண்டையும்கூட ஒப்பிட்டார்கள். வரலாற்று மொழியியலாளர் பெரும்பாலானோர் அந்த முடிவை ஏற்கவில்லை. அந்த எழுத்துகளை வாசியுங்கள், உழைப்பு பெரிது, பண்பாட்டுத் தகவல் நிறைய. ஆனால் குளிரில் தனியே இருக்கும்போது இவர்களும் எங்கள் ஆட்கள் என்ற நினைப்பு தரும் ஆறுதல் ஆதாரம் ஆகாது. வாசிக்கும்போது மனம் குளிர்ந்த வரிகளின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மறுவாசிப்பில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை அவைதான்.

நூல் தேடும்போது, விடயப்படி நூல்களுக்குக் கொடுக்கும் டூயி எண்படி அடுக்கும் நூலகங்களில் ஒரே தட்டில் எல்லாம் இராது. 952 வரலாறு, 915.2 பயணம், 305க்கும் 306க்கும் இடையில் சமூகம். கம்பனியைப் பற்றியவை 658 பக்கம் போயிருக்கும். "புஷிதோ" போன்ற பழையவை காப்புரிமை முடிந்து கூட்டன்பேர்க் மின்னூல் தளத்தில் இலவசமாக இருக்கின்றன.

கூடி வாசித்தால்

நான்கு பேர் போதும்: ஊரில் இருப்பவர், மேற்கு நாடொன்றில் இருப்பவர், ஜப்பானில் இருப்பவர், வயதில் மற்றவர்களைவிட இருபது வருஷம் வித்தியாசமான ஒருவர். யாழ்ப்பாணத்தில் ஞாயிறு மாலை 6.30 என்றால் டோக்கியோவில் இரவு 10, ரொறன்ரோவில் கோடைகாலத்தில் காலை 9, குளிர்காலத்தில் 8. கிழமைக்கு முப்பது பக்கம், வட்ஸ்அப்பில் ஒரு மணித்தியாலம்.

எல்லோரும் கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்ட பிறகுதான் கதைக்கத் தொடங்க வேண்டும். இதை விட்டால் "நான் அங்க இருந்தனான், எனக்குத் தெரியும்" என்பவர் முதல் பத்து நிமிடத்திலேயே கூட்டத்தை முடித்துவிடுவார். வயதில் மூத்த அண்ணையாக இருந்தால் மற்றவர்கள் எதிர்த்துக் கதைக்கவும் மாட்டார்கள். அதற்கு ஓர் ஒழுங்கு: ஊரில் இருப்பவர் முதலில், ஜப்பானில் இருப்பவர் கடைசியில். அவர் திருத்தும்போது எந்த நகரம், எந்த வேலைத்தலம், எந்த ஆண்டு என்று சொல்லித்தான் திருத்த வேண்டும்.

நூல் முடிந்ததும் ஒவ்வொருவரும் நான்கு பத்தியிலும் நின்றுபிடித்த குறிப்புகளில் ஐந்தை மட்டும் தனித் தாளில் எழுதுங்கள். நால்வரின் தாளிலும் வந்ததை ஓரளவு நம்பலாம். ஒருவரின் தாளில் மட்டும் வந்தது பெரும்பாலும் அவர் வாழ்ந்த நாட்டைப் பற்றியது. அடுத்த நூலைத் தெரிவு செய்வது அந்தத் தாள்களை வைத்துத்தான்: எல்லோரும் ஒத்துக்கொண்ட குறிப்பை மறுக்கும் நூல் எதுவோ, அது.